பைல் கல்லைத் தொட்டால் போதுமா? வன்னி மண்ணில் ஆழ அத்திவாரம்

ஆற்றுக்குக் குறுக்கே பாலம் எழும்பும்போதும் கடனீரேரிக் கரையில் தண்ணீர்த் தாங்கி கட்டும்போதும், பைல் (கட்டடத்தின் பாரத்தை ஆழத்து மண்ணுக்கோ கல்லுக்கோ கொண்டுபோகும் நீண்ட தூண்) இறக்கும் இயந்திரத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் சொல்வது ஏறக்குறைய ஒன்றுதான்: "கல்லுக்குப் போட்டாங்கள், இனி அசையாது." 20 மீற்றர் போன பைல் 12 மீற்றர் போனதைவிட உறுதி என்றும் பேசிக்கொள்வார்கள். பிறகு ஒருவர் வந்து பைலின் தலையில் சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்து அறிக்கை கொடுத்ததும், பைல் சுமையைத் தாங்கும் என்று நிரூபிக்கப்பட்டுவிட்டதாக எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள்.

இவை ஒவ்வொன்றிலும் பாதி உண்மை இருக்கிறது. தவறான மற்றப் பாதியால்தான் பாலத்தின் ஒரு தூண் மட்டும் இறங்குகிறது, தாங்கி சரிகிறது, முடித்த வேலையை உடைக்க வேண்டி வருகிறது. வன்னியில் இதைத் தெளிவாகப் புரிந்துகொள்வது இன்னும் அவசியம். இங்கே ஒரே வேலைத்தலத்துக்குள்ளேயே மண் மாறிவிடும்.

முதலில் ஒன்று. சாதாரண ஒருமாடி வீட்டுக்குப் பைல் பெரும்பாலும் தேவைப்படாது. நல்ல கிறவலிலோ இறுகிய மணலிலோ போட்ட கருங்கல் அத்திவாரம் போதும். பாரம் பெரிதாகி மேல்மண்ணும் பலவீனமாக இருக்கும்போதுதான் பைல் வருகிறது: பாலத் தூண், உயர்ந்த தண்ணீர்த் தாங்கி, பலமாடிக் கட்டடம் போன்றவற்றுக்கு.

கதியாலில் இருந்து தொடங்குவோம்

வேலிக்குக் கதியால் நட்டவருக்குப் பைலின் அடிப்படை ஏற்கெனவே தெரியும். அலவாங்கால் குழி போட்டு, கதியாலை இறக்கி, சுற்றி மண்ணை இடித்து இறுக்குகிறோம். இறுக்கிய கதியாலை மேலிருந்து அழுத்தினால் இரண்டு இடங்கள் அதைத் தடுக்கின்றன. சுற்றியுள்ள மண் பக்கத்தில் பிடித்துக்கொள்கிறது. அடியில் உள்ள மண் கீழிருந்து தாங்குகிறது. குழிக்குள் உதிர்ந்த மண்ணை எடுக்காமல் கதியாலை இறக்கினால், முதலில் அந்த உதிரி மண் நசியும்வரை அது இறங்கும். அலவாங்கு பாதியில் 'டங்' என்று கல்லில் பட்டால், அது அடிப்பாறையா, தேங்காய் அளவு கல்லா என்று அந்தச் சத்தம் சொல்லாது.

பைலில் நடப்பதும் இதுவே. சுற்றிலும் கிடைக்கும் பிடியைப் பக்க உராய்வு என்கிறோம். அடியில் கிடைப்பதை அடித்தாங்கு பலம் என்கிறோம். இரண்டும் சேர்ந்ததே பைலின் மொத்தப் பலம்.

இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்வதில்லை

ஊரில் பேசப்படாத பகுதி இது. பக்க உராய்வு முழுதாக எழும்ப பைல் 5 முதல் 10 மில்லிமீற்றர் இறங்கினால் போதும். அடித்தாங்கு பலம் முழுதாக எழும்ப, பைலின் விட்டத்தில் 5 முதல் 10 சதவீதமாவது இறங்க வேண்டும். 600 மில்லிமீற்றர் பைலுக்கு அது 30 முதல் 60 மில்லிமீற்றர். நல்ல பாறையில் இதைவிடக் குறைவான இறக்கம் போதும். அடியில் சேறு தங்கியிருந்தால் இதைவிடக் கூடும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு போடுவோம். 600 மில்லிமீற்றர் விட்டமும் 15 மீற்றர் நீளமும் உள்ள துளைப் பைல். மேலே 5 மீற்றர் சுரி (மென்மையான சேற்றுமண்); அதைக் கணக்கில் எடுப்பதில்லை. அடுத்த 7 மீற்றர் இறுகிய களியும் மணலும். சதுர மீற்றருக்கு 4 தொன் உராய்வு என்று வைப்போம். கடைசி 3 மீற்றர் உக்கிய பாறை. சதுர மீற்றருக்கு 10 தொன். பைலின் சுற்றளவு 1.88 மீற்றர். ஆகவே களியிலும் மணலிலும் சுமார் 53 தொன், உக்கிய பாறையில் சுமார் 57 தொன். அடியின் பரப்பு 0.283 சதுர மீற்றர். அங்கே சதுர மீற்றருக்கு 400 தொன் தாங்கும் என்றால் 113 தொன். எல்லாம் சேர்த்து 223 தொன். பலம் பாரத்தைவிட எத்தனை மடங்கு இருக்க வேண்டும் என்பதைச் சொல்லும் பாதுகாப்புக் காரணி 2.5 ஆல் வகுத்தால், இந்தப் பைலில் 90 தொன் அளவு பாரம் வைக்கலாம். இதுவே அதன் சேவைச் சுமை.

இப்போது அடியைச் சுத்தம் செய்யாமல் விட்டதாக எண்ணுங்கள். 113 தொன் எழும்புமுன் பைல் பல சென்ரிமீற்றர் இறங்க வேண்டியிருக்கும். பாலத்தால் அதைத் தாங்க முடியாது. நடைமுறையில் கைக்கு வருவது 110 தொன் உராய்வு மட்டும். 90 தொன் பாரத்துக்கு 110 தொன் பலம். 2.5 ஆக இருந்த காரணி 1.2 ஆகிவிட்டது. நீளமும் கம்பியும் கொங்கிறீற்றும் மாறவில்லை. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

ஆக, பைலின் பலம் நீளத்தைவிட அது மண்ணோடு எப்படிச் சேர்ந்திருக்கிறது என்பதில் தங்கியிருக்கிறது. பக்கமும் அடியும் தனித்தனியே கெடலாம்; தனித்தனியே பார்க்கவும் வேண்டும்.

வன்னியின் நிலத்துக்குக் கீழே

வவுனியா, ஓமந்தை, புளியங்குளம் பக்கம் அடியில் இருப்பது பழைய கருங்கல். அது மேலிருந்து கீழாக உக்கிக்கொண்டு போகிறது. மேலே கிறவல், பிறகு கையால் உதிர்க்கக்கூடிய உக்கிய பாறை, பிறகு வெடிப்புள்ள கல், கடைசியில் முழுக்கல். ஆனால் கல் சீராக உக்குவதில்லை. உக்கிய மண்ணுக்கு நடுவே ஒன்றிரண்டு மீற்றர் அளவில் உக்காத கல் உருண்டையாகத் தங்கிவிடும். துளைபோடும் இயந்திரம் அதில் பட்டதும் "பாறை வந்துவிட்டது" என்று நிறுத்தினால், பைல் மண்ணில் மிதக்கிற ஒரு கல்லின் மேல் நிற்கும். பாறை மட்டமும் சமமாக இருக்காது. ஒரே பாலத்தின் இரண்டு தூண்களுக்கு இடையிலேயே பல மீற்றர் ஏறி இறங்கலாம்.

மன்னாரிலிருந்து பூநகரி வழியாக வடக்கே போகும்போது அடியில் சுண்ணக்கல். இதன் ஆபத்து வேறு. மழைநீர் சுண்ணக்கல்லைக் கரைத்து உள்ளே வெடிப்புகளையும் பொந்துகளையும் உண்டாக்குகிறது. மேலே ஒரு மீற்றர் கடுங்கல், அதன் கீழே வெறும் பொந்து அல்லது செம்மண் நிரம்பிய குழி, இப்படியும் இருக்கலாம். "கல்லைத் தொட்டோம்" என்ற சொல் மிகவும் ஏமாற்றுவது இங்கேதான்.

ஆனையிறவு, நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய்க் கடனீரேரிக் கரைகளில் மென்மையான சுரியும் தளர்ந்த மணலும் மாறி மாறி வரும். நீரில் உப்பு இருப்பதால் கம்பி துருப்பிடிக்கும். கனகராயன் ஆறு, பேராறு, பாலி ஆறு போன்றவற்றின் படுக்கைகளில் பழைய ஆற்றுத்தடம் மணலால் நிரம்பிக் கிடக்கும். ஒரு கரையில் களியும் மறுகரையில் மணலும் இருப்பது வழக்கம். முருங்கன் பக்கத்துக் கருங்களி நனைந்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். அங்கே மேல் ஒன்றிரண்டு மீற்றரில் கிடைக்கும் உராய்வை நம்பிக் கணக்குப் போடக் கூடாது.

துளையிட்டுப் பார்க்கும் வேலை

பைலுக்கு முன் ஆய்வுத்துளை போடுவார்கள். அதில் எஸ்.பி.ரி. என்ற சோதனை நடக்கும். 63.5 கிலோகிராம் சுத்தியலை 760 மில்லிமீற்றர் உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழவிட்டு, ஒரு குழாயை 450 மில்லிமீற்றர் இறக்குவார்கள். கடைசி 300 மில்லிமீற்றருக்கு விழுந்த அடிகளின் எண்ணிக்கைதான் அந்த ஆழத்து மண்ணின் இறுக்கத்துக்கான அளவு. சுரியில் அது 2, 3 ஆக இருக்கும்; உக்கிய பாறையில் 50 அடித்தும் குழாய் இறங்காது.

கல்லில் பட்டதும் நிறுத்திவிடக் கூடாது. வைரமுனைக் குழாயால் கல்லைக் குடைந்து, குறைந்தது 3 மீற்றர், சந்தேகம் இருந்தால் 5 மீற்றர் கற்தண்டை வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். உருண்டைக் கல்லையும் அடிப்பாறையையும் பிரித்துக் காட்டும் வேலை இதுதான். எடுத்த தண்டில் 100 மில்லிமீற்றருக்கு மேல் நீளமான துண்டுகளின் மொத்த நீளம், குடைந்த நீளத்தில் எத்தனை சதவீதம் என்று பார்ப்பார்கள். இதற்கு ஆர்.கியூ.டி. என்று பெயர். 80 சதவீதம் வந்தால் நல்ல கல். 20 சதவீதம் வந்தால் அது வெடிப்புக்கல். அதைப் பாறையாக எண்ணிப் பாரம் வைக்கக் கூடாது.

எத்தனை துளைகள் வேண்டும்? செலவைக் குறைக்கவே பாலத்துக்கு இரண்டு கரையிலும் ஒவ்வொன்று போட்டு முடிக்கிறார்கள். வன்னியில் அது போதாது. ஒவ்வொரு தூணுக்கும் ஒன்று வேண்டும். சுண்ணக்கல் நிலத்தில் பெரிய பைல் ஒவ்வொன்றின் அடியிலும், விட்டத்தின் மூன்று முதல் ஐந்து மடங்கு ஆழம்வரை மேலும் குடைந்து பார்க்க வேண்டும். பொந்து தென்பட்டால் மெலிந்த கொங்கிறீற்றால் நிரப்பி, அது இறுகியதும் மறுபடி துளைத்துக் கீழே போவார்கள்.

ஆய்வு ஆவணியில் நடந்து பைல் வேலை மார்கழியில் நடப்பதும் உண்டு. வாடைமழைக்குப் பிறகு நிலத்தடி நீர் பல மீற்றர் ஏறியிருக்கும். ஆவணியில் எழுதிய நீர்மட்டத்தை வைத்து மார்கழியில் துளை போட்டால் துளைச் சுவர் இடிந்து விழும். ஏன் என்று அடுத்த பகுதியில் தெரியும்.

பலம் கூடுவதும் கெடுவதும் துளைக்குள்தான்

வன்னியில் பெரிய வேலைகளுக்கு அதிகம் போடுவது துளைப் பைல்: நிலத்தைத் துளைத்து, கம்பிக்கூட்டை இறக்கி, கொங்கிறீற் நிரப்புவது. மேலே தளர்ந்த மண்ணுக்கு இரும்புக் கேசிங் குழாய் இறக்குவார்கள். அதற்குக் கீழே துளைச் சுவரைத் தாங்குவது பென்ரனைற் கரைசல். ஊதும் தன்மையுள்ள ஒருவகைக் களியைத் தண்ணீரில் கலந்த குழம்பு. துளைக்குள் கரைசலின் மட்டம் வெளியே உள்ள நிலத்தடி நீரைவிட ஒன்றரை, இரண்டு மீற்றர் உயரமாக எப்போதும் இருக்க வேண்டும். உள்ளிருந்து வெளியே தள்ளும் அந்த அழுத்தம்தான் சுவரைப் பிடித்து வைக்கிறது. வெளிநீர் ஏறி இந்த வித்தியாசம் போய்விட்டால் மணல் உள்ளே பாயும். பைலுக்கு அருகில் உள்ள மண்ணும் தளரும். பக்க உராய்வு அங்கேயே கெட்டுவிடுகிறது.

கரைசலில் மணல் மிதக்கும். கொங்கிறீற் போடும் நேரத்துக்குள் அது அடியில் படிந்து மெத்தை போலாகிவிடும். அதனால் துளையின் அடியிலிருந்து மாதிரி எடுத்து, மணல் 4 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை பழைய கரைசலை உறிஞ்சிப் புதியதை விட வேண்டும். சுத்தம் செய்வது இரண்டு தடவை: துளைத்து முடித்ததும் ஒரு தடவை, கம்பிக்கூடு இறக்கிய பிறகு ஒரு தடவை. இரண்டாவதைத்தான் மாலை நேரத்தில் விட்டுவிடுவார்கள். கூடு இறங்கும்போது சுவரை உரசி மண்ணைத் தள்ளுகிறது என்பதால் அந்த இரண்டாவது தடவையே முக்கியமானது. பாரம் கட்டிய அளவுநாடாவை இறக்கி, துளைத்து முடித்தபோது இருந்த ஆழமும் கொங்கிறீற் போடுமுன் உள்ள ஆழமும் ஒன்றா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். 15 மீற்றர் துளை 14.7 மீற்றர் காட்டினால் அடியில் 30 சென்ரிமீற்றர் சேறு கிடக்கிறது.

கொங்கிறீற்றை மேலிருந்து கொட்டக் கூடாது. ட்ரெமி குழாயை அடிவரை இறக்கி, அதன் வழியாக விட வேண்டும். புதுக் கொங்கிறீற் கீழிருந்து எழும்பிக் கரைசலை மேலே தள்ளும். குழாயின் நுனி எப்போதும் 2, 3 மீற்றர் கொங்கிறீற்றுக்குள் புதைந்திருக்க வேண்டும். அவசரப்பட்டுக் குழாயை உயர்த்தி நுனி வெளியே வந்துவிட்டால், அந்த இடத்தில் சேறு கலந்த ஒரு படை பைலின் குறுக்கே உட்கார்ந்துவிடும். கொங்கிறீற் தானாக ஓட வேண்டும் என்பதால் ஸ்லம்ப் (கலவை எவ்வளவு இளகியிருக்கிறது என்று காட்டும் அளவு) 175 முதல் 200 மில்லிமீற்றர் வரை வைப்பார்கள். கலவை தொலைவிலிருந்து வெயிலில் வரும்போது ஸ்லம்ப் விழுந்துவிடும். அப்போது தண்ணீர் ஊற்றுவது பைலைக் கெடுக்கும் நேர்வழி. இறுகுவதைப் பிந்தச் செய்யும் கலவைப்பொருளை முன்பே சேர்த்துக் கொண்டுவர வேண்டும். முதலில் எழும்பி வரும் கொங்கிறீற் அழுக்கானது. அதனால் தேவையான மட்டத்துக்கு மேலேயும் வார்த்து, பிறகு அதை உடைத்தெடுப்பார்கள். உப்புநீர் உள்ள இடத்தில் கம்பிக்கு வெளியே 75 மில்லிமீற்றர் கொங்கிறீற் மூட்டம் வேண்டும். கூடு ஒரு பக்கம் சாயாமல் இருக்க வட்டக் கட்டைகள் மாட்ட வேண்டும்.

இந்த வேலையில் மலிவான, அதேநேரம் மிகக் கூர்மையான சோதனை ஒன்று உண்டு: வந்த கொங்கிறீற்றையும் எழும்பிய உயரத்தையும் ஒவ்வொரு லொறிக்கும் எழுதி வைப்பது. 900 மில்லிமீற்றர் பைலில் ஒரு மீற்றருக்கு 0.636 கனமீற்றர் போகும். 6 கனமீற்றர் லொறி ஒன்று 9.4 மீற்றர் உயர்த்த வேண்டும். துளை சற்றே அகலமாக இருப்பது இயல்பு என்பதால் 8, 8.5 மீற்றர் எழும்பினால் கவலையில்லை. 5 மீற்றர்தான் எழும்பியது என்றால் துளை அங்கே இடிந்து அகன்றிருக்கிறது, அல்லது கொங்கிறீற் பொந்துக்குள் போகிறது. 11 மீற்றர் எழும்பினால் அது இன்னும் மோசம். சுவர் இடிந்து உள்ளே மண் நிற்கிறது; பைல் அங்கே மெலிந்திருக்கிறது.

அடியின் பலத்தை மேலும் கூட்ட ஒரு வழி, கம்பிக்கூட்டோடு அடிவரை குழாய்கள் வைத்து, கொங்கிறீற் இறுகிய பிறகு அவற்றின் வழியாகச் சீமெந்துப் பாலை அழுத்தத்தில் செலுத்துவது. அடியில் தளர்ந்த மணல் இறுகும். அடித்தாங்கு பலம் குறைந்த இறக்கத்திலேயே எழும்பும். மணலில் இது நல்ல பலன் தரும். ஆனால் சுத்தம் செய்யாத துளைக்கு இது மாற்று ஆகாது.

மண்ணே பாரமாகிற இடம்

பாலத்தின் இரண்டு முனையிலும் வீதியை உயர்த்தக் கிறவல் நிரப்புவார்கள். 3 மீற்றர் நிரப்பினால் சதுர மீற்றருக்கு 5, 6 தொன் பாரம் சுரியின் மேல் ஏறுகிறது. சுரி மாதக்கணக்காக, சில இடங்களில் வருடக்கணக்காக மெல்ல நசியும். நடுவே நிற்கும் பைல் கல்லில் ஊன்றி அசையாமல் நிற்கிறது. சுற்றியுள்ள மண் கீழே போகும்போது பைலையும் பிடித்து இழுக்கிறது. பைலைத் தாங்க வேண்டிய உராய்வு இப்போது பைலின் மேல் பாரம். இதை எதிர் உராய்வு என்பார்கள்.

தீர்வு சுலபமானது, பொறுமைதான் வேண்டும். முதலில் நிரப்பி, நசிய விட்டு, அதன் பிறகு பைல் போடுவது. காலம் இல்லையென்றால், சுரிப்பகுதியில் நிரந்தர இரும்புக் குழாய் வைத்து அதன் வெளிப்பக்கம் தார் பூசலாம். மண் வழுக்கிப் போகும். குறைந்தபட்சம் அந்த இழுவையைப் பாரமாகக் கணக்கில் சேர்க்கவாவது வேண்டும்.

ஒவ்வொரு சோதனையும் வேறு கேள்வி

சுத்தியலால் தட்டும் சோதனை பி.ஐ.ரி. பைலின் தலையில் தட்டினால் அதிர்வு அலை விநாடிக்குச் சுமார் 4000 மீற்றர் வேகத்தில் கீழே போய் அடியில் பட்டுத் திரும்பும். 15 மீற்றர் பைலில் 7.5 மில்லிசெக்கனில் வர வேண்டும். முன்னதாகவே ஓர் எதிரொலி வந்தால் நடுவில் வெடிப்போ மெலிவோ இருக்கலாம். கொங்கிறீற் குறைந்தது 7 நாள் இறுகியிருக்க வேண்டும். இது கேட்கும் கேள்வி "பைல் முழுதாக இருக்கிறதா?" என்பது மட்டும். எத்தனை தொன் தாங்கும் என்று இதனால் சொல்ல முடியாது. அடியில் 10 சென்ரிமீற்றர் சேறு இருப்பதையும் பெரும்பாலும் காட்டாது. விட்டத்தின் 30 மடங்குக்கு மேல் நீளமான பைலில் எதிரொலி மங்கிவிடும்.

பெரிய பைல்களுக்குக் குறுக்கு ஒலிச் சோதனை மேலானது. கம்பிக்கூட்டில் 50 மில்லிமீற்றர் அளவுக் குழாய்களை, விட்டத்தின் ஒவ்வொரு 30 சென்ரிமீற்றருக்கும் ஒன்று வீதம் கட்டி, தண்ணீர் நிரப்பி வைப்பார்கள். ஒன்றில் ஒலியை அனுப்பி மற்றதில் வாங்கி, அடியிலிருந்து மேல்வரை இழுத்துக்கொண்டு வருவார்கள். ஓர் ஆழத்தில் ஒலி 20 சதவீதத்துக்கு மேல் பிந்தி வந்தால் அங்கே கொங்கிறீற் கெட்டிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். குழாய்க்கு வெளியே உள்ள மூட்டப் பகுதியை இது பார்ப்பதில்லை.

தாங்கும் பலத்துக்கு நேரடிப் பதில் தருவது நிலைச்சுமைச் சோதனை. நமது 90 தொன் பைலை ஒன்றரை மடங்கு, அதாவது 135 தொன்வரை அழுத்த வேண்டும். அதற்கு மேலே மேடை கட்டி 155 தொன் அளவு கொங்கிறீற் கட்டிகள் அடுக்குவார்கள். ஒரு கனமீற்றர்க் கட்டி 2.4 தொன் என்பதால் சுமார் 65 கட்டிகள். நடுவில் ஹைட்ரோலிக் ஜாக். படிப்படியாகப் பாரம் ஏற்றி, ஒவ்வொரு படியிலும் இறக்கம் மணிக்கு 0.25 மில்லிமீற்றருக்குக் கீழே வரும்வரை பொறுத்து, மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு காட்டும் மானிகளால் அளப்பார்கள். பாரத்தை இறக்கிய பிறகு எவ்வளவு மேலே திரும்பி வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். திரும்பாமல் தங்கிய இறக்கம் பெரிதாக இருந்தால் அடிச்சேறு நசிந்திருக்கலாம்.

எதிர் உராய்வு உள்ள இடத்தில் இந்தச் சோதனையும் ஏமாற்றும். சோதனை ஒன்றிரண்டு நாளில் முடிந்துவிடுகிறது. அந்த நேரத்தில் சுரியும் பைலைத் தாங்குகிறது. நாளை பாரமாக மாறப்போகும் மண் இன்று உதவி செய்வதாகப் பதிவாகிறது. அதனால் அந்த உதவியின் அளவையும், வரப்போகும் இழுவையின் அளவையும் சோதனைச் சுமையில் கூட்ட வேண்டும்.

பி.டி.ஏ. சோதனையில் சோதனைச் சுமையின் 1 முதல் 2 சதவீத எடையுள்ள சுத்தியலை விழவிடுவார்கள். 135 தொன்னுக்கு 1.35 முதல் 2.7 தொன். தலையருகே மாட்டிய உணரிகள் விசையையும் வேகத்தையும் பதிவு செய்ய, கணினியில் பக்க உராய்வையும் அடிப்பலத்தையும் பிரித்துக் கணிப்பார்கள். ஒரே நாளில் பல பைல்களைப் பார்க்கலாம் என்பது இதன் பெரிய நன்மை. ஆனால் அந்தக் கணிப்பு ஆய்வாளரின் தேர்ச்சியில் தங்கியிருக்கிறது. அதே தலத்தில், அதே மண்ணில் ஒரு நிலைச்சுமைச் சோதனையாவது செய்து ஒப்பிட்ட பிறகே எண்களை நம்பலாம்.

மண் மாறும் இடத்தில் எந்தப் பைலைச் சோதிப்பது என்பதே பெரிய முடிவு. ஒழுங்காகப் போன, சோதிக்க வசதியான பைலைத் தெரிவுசெய்வது வழக்கமாகிவிட்டது. தெரிவுசெய்ய வேண்டியது பதிவேட்டில் குறை உள்ளதை: மற்றவற்றைவிட 4 மீற்றர் முன்னதாகக் கல்லில் நின்றது, கொங்கிறீற் கணக்கு பொருந்தாதது, இரவில் லொறி பிந்தியது.

தவறிய பைலை என்ன செய்வது

ஒரு சோதனை தவறியதும் பைலைக் கைவிடத் தேவையில்லை. முதலில் பைலின் நடுவே அடிவரை குடைந்து கொங்கிறீற் தண்டை எடுத்துப் பார்ப்பார்கள். குறை நடுவில் ஒரு படையாக இருந்தால், அதே துளை வழியாக நீரால் கழுவிச் சீமெந்துப் பால் செலுத்தலாம். அடியில் சேறு என்றால் அதற்கும் இதே வழி. பிறகு மறுபடி சுமைச் சோதனை. உருண்டைக் கல்லில் நிற்கிறது என்று தெரிந்தால் திருத்த வழியில்லை. இரண்டு பக்கமும் புதிதாக ஒவ்வொரு பைல் போட்டு, மூன்றையும் அகலமான கொங்கிறீற் தலைக்கட்டால் இணைத்து, பழையதின் பலத்தைப் பூச்சியமாக வைத்துக் கணக்கிடுவார்கள். செலவு கூடத்தான். ஆனாலும் அது தலைக்கட்டு போடுமுன் தெரிந்த செலவு. பாலத்தட்டு ஏறிய பிறகு அதே இடத்தில் பைல் இயந்திரத்தை நிறுத்தவே உயரம் இருக்காது. அதனால் எல்லாப் பைல்களின் பதிவேடும் சோதனை அறிக்கையும் மேசைக்கு வந்து, பொறியியலாளர் ஒவ்வொன்றாகப் பார்த்துக் கையெழுத்திடும்வரை தலைக்கட்டுக்குக் கம்பி கட்டத் தொடங்கக் கூடாது.